1652 என்னும் எண்: மாணவர் மொழியாய்வில் சான்று மூலங்களின் நம்பகத்தன்மை

இந்திய மொழிநிலையைப் பற்றிய முனைவர்பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் ஒரு தொடர் பெரும்பாலும் தவறாது இடம்பெறுகிறது. இந்தியாவில் 1652 மொழிகள் பேசப்படுகின்றன என்பதே அத்தொடர். அதன் அடிக்குறிப்பில் சிலர் 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சுட்டுவர். பலர் அக்கணக்கெடுப்பைச் சுட்டும் ஓர் அறிமுக நூலைச் சுட்டுவர். வேறு சிலர் அந்த அறிமுக நூலைச் சுட்டும் முந்தைய ஆய்வேட்டைச் சுட்டி அமைவர். கணக்கெடுப்பின் மொழி அட்டவணைத் தொகுதியைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. திறந்து பார்த்திருந்தால் அத்தொடர் அவ்வடிவில் எழுதப்பெற்றிராது.

ஏனெனில் 1961ஆம் ஆண்டு அட்டவணை 1652 மொழிகளைக் குறிப்பிடவில்லை. 1652 தாய்மொழிப் பெயர்களையே குறிப்பிடுகிறது. அவற்றுள் 103 இந்தியாவுக்கு வெளியே தோன்றிய மொழிகளின் பெயர்கள். எஞ்சியவற்றுள் ஒரே மொழியின் வட்டாரப் பெயர்களும், சாதிப் பெயர் மொழிப்பெயராகச் சொல்லப்பட்டவையும், ஊர்ப்பெயரால் அமைந்தவையும், எம்மொழியோடும் சேர்க்க இயலாமல் வகைப்படுத்தாது விடப்பட்டவையும் உள்ளன. 'மொழி', 'தாய்மொழி' என்னும் இரு கலைச்சொற்களுக்கும் இடையே கணக்கெடுப்புத் துறை கண்டிப்பான வேறுபாடு காட்டுகிறது. இத்தாய்மொழிப் பெயர்களை விளக்கி ஆர். சி. நிகம் 1972இல் ஒரு கையேடே வெளியிட்டார். ஆயினும் தாய்மொழி என்னும் சொல் மொழி என்று சுருங்கியது. எண் மட்டும் மாறாமல் நின்றது.

இக்கட்டுரையாளரும் இப்பிழைக்கு விலக்கானவர் அல்லர். தம் ஆய்வேட்டின் மூன்றாம் பக்கத்தில் இதே எண்ணை, மொழிகள் என்ற சொல்லோடு, ஒரு பாடநூலை நம்பி எழுதியவர். நெறியாளரும் புறத்தேர்வாளர் இருவரும் அதைப் படித்து அமைதியாகக் கடந்தனர். அப்பக்கத்தை மேற்கோளாகக் காட்டிய இரண்டு ஆய்வேடுகளைப் பின்னர்க் காண நேர்ந்தபோதுதான் இப்பொருள் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் உண்டாயிற்று.

மூலத்தை மதிப்பிடும் வழக்கமான முறை

மூலங்களை எவ்வாறு தெரிவு செய்வது என்று மாணவர்க்கு நாம் கூறும் அறிவுரை பெரும்பாலும் முகவரி பற்றியதாகவே அமைகிறது. அரசு வெளியீடாயின் நம்பலாம். பல்கலைக்கழகப் பதிப்பாயின் நம்பலாம். அறிஞர் குழு மதிப்பிட்ட ஆய்விதழாயின் மேலும் நம்பலாம். யார் எழுதியது என்று தெரியாத இணையக் கலைக்களஞ்சியத்தை நம்பலாகாது. இவ்வறிவுரை தவறன்று. ஆனால் இது மாணவரை வாயில்வரை மட்டுமே அழைத்துச் செல்கிறது. மேற்கண்ட 1652 என்னும் எண் இந்திய அரசின் வெளியீட்டிலிருந்து வந்தது. பல்கலைக்கழகப் பதிப்புகளில் பரவியது. அறிஞர் பார்வைக்குப்பின் வெளியான கட்டுரைகளில் நிலைபெற்றது. முகவரி பார்க்கும் தேர்வுகள் அனைத்திலும் அது தேறிவிடும்.

நம்பகத்தன்மை ஒரு மூலத்திற்குள் உறையும் பண்பு என்று கொள்வதே இம்முறையின் குறை. உண்மையில் அது மூலத்துக்கும் அதனிடம் நாம் கேட்கும் வினாவுக்கும் இடைப்பட்ட உறவாகும். ஒரு வினாவுக்கு மிகச் சிறந்த சான்றாக நிற்கும் நூல் மற்றொரு வினாவுக்குச் சான்றே ஆகாமல் போகலாம். மொழியியல் மாணவர் மிகுதியாகக் கையாளும் இரு பெரும் மூலங்களைக் கொண்டு இதனை ஆராயலாம். ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணை. மற்றொன்று கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு. இரண்டும் மதிப்புக்குரியவை. மதிப்புக்குரியவை என்பதாலேயே இவற்றைத் தேர்ந்துகொண்டோம்.

கணக்கெடுப்பு எதனைக் கணக்கெடுக்கிறது?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மொழித் தரவுகள் 2018இல் வெளியிடப்பட்டன. 2021க்குரிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறாமையால் இன்றைய ஆய்வேடுகள் 2011ஆம் ஆண்டு எண்களையே சார்ந்துள்ளன. அவ்வறிக்கையில் பல எண்கள் உள்ளன. மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்கள் அப்படியே தொகுக்கப்பட்டபோது 19,569 ஆயின. எழுத்து வேறுபாடுகளையும் பிழைகளையும் நீக்கி ஒழுங்குபடுத்தியபோது 1,369 தாய்மொழிகள் கிடைத்தன. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவை என ஒதுக்கப்பட்டன. 10,000 அல்லது அதற்கு மேற்பட்டோர் பேசுவன மட்டும் 270. இவற்றை மொழிகளின்கீழ்த் தொகுத்தபோது 121 மொழிகள். இவற்றுள் 22 எட்டாம் அட்டவணையில் உள்ளவை, 99 ஏனையவை.

ஆகவே, 'இந்தியாவில் எத்தனை மொழிகள்?' என்ற வினாவுக்கு ஒரே அறிக்கையைச் சான்று காட்டி 19,569 என்றும் 121 என்றும் விடை எழுத இயலும். இரண்டு விடைகளும் அடிக்குறிப்பு முறையில் பிழையற்றவையாகத் தோன்றும்.

இதனினும் தீங்கான பயன்பாடு ஒன்று உண்டு. 1961இல் 1652, 2011இல் 121. எனவே ஐம்பதாண்டுகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் அழிந்தன என்னும் கணக்கு அது. இக்கணக்கு நாளிதழ்களில் வந்தால் வியப்பில்லை. மொழி அழிவு குறித்த ஆய்வேடுகளிலும் இதன் சாயல் காணப்படுகிறது. கழிக்கப்படும் எண் தாய்மொழிப் பெயர்களின் தொகை. கழிக்கும் எண் தொகுக்கப்பட்ட மொழிகளின் தொகை. மேலும் 1971 முதல் 10,000க்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகள் வெளியிடப்படும் அட்டவணையில் தனியே காட்டப்படுவதில்லை. 'பிற' என்னும் தலைப்பில் அடங்கிவிடுகின்றன. நீலகிரியின் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் இவ்வாறு அட்டவணையிலிருந்து மறைந்தவை. எமனோ 1930களில் களப்பணி செய்து பதிவு செய்த அம்மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. அவை மறைந்தது அட்டவணையில், மலையில் அன்று. மொழிகள் அழிவுறுகின்றன என்பது உண்மையே. அவ்வுண்மையை நிறுவப் பொருந்தாத கழித்தலைக் கையாள்வது, நாளை எவரேனும் அதனைச் சுட்டிக்காட்டும்போது உண்மையான அழிவையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

அடுத்து, தொகுத்தல் என்னும் செயல். 2011இல் இந்தி பேசுவோர் 52.83 கோடி, மக்கள்தொகையில் 43.63 விழுக்காடு. இவ்வெண்ணில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடங்கியுள்ளன. தம் தாய்மொழி இந்தி என்றே கூறியோர் 32.22 கோடி. போஜ்புரி எனக் கூறிய ஐந்து கோடிக்கு மேற்பட்டோரும், ராஜஸ்தானி, சத்தீஸ்கடி, மகஹி முதலியவற்றைக் கூறியோரும் சேர்ந்தே எஞ்சிய இருபது கோடிக்கு மேற்பட்டோர் ஆகின்றனர். ஒரு காலத்தில் இந்தியின்கீழ் வைக்கப்பட்டிருந்த மைதிலி, 2003ஆம் ஆண்டின் 92ஆம் அரசமைப்புத் திருத்தத்துக்குப்பின் தனிமொழியாக எண்ணப்படுகிறது. பேசுவோர் ஒரே இரவில் மொழி மாறவில்லை, தலைப்பு மாறியது. மொழிபெயர்ப்புத் திட்டங்களுக்கான தேவையை மதிப்பிடும் மாணவர் எவ்வெண்ணை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து, போஜ்புரி வாசகர் ஒருவர் இருக்கிறார் அல்லது இல்லாமற்போகிறார்.

மூன்றாவதாக, விடை கூறுவோர். கணக்கெடுப்பின் வரையறைப்படி தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவர்தம் தாய் பேசிய மொழி. அவர் கூறும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே கணக்கெடுப்பாளர்க்கு இடப்பட்ட விதி. சரிபார்ப்பது அவர் கடமை அன்று. சமஸ்கிருதத்துக்குரிய எண்களை இவ்விடத்து நோக்குக. 1971இல் 2,212 பேர், 1981இல் 6,106, 1991இல் 49,736, 2001இல் 14,135, 2011இல் 24,821. இவ்வெண்களை வரைபடமாக்கி, பத்தாண்டில் எட்டு மடங்கு மறுமலர்ச்சியும் அடுத்த பத்தாண்டில் பெருஞ்சரிவும் நிகழ்ந்தன என எழுதுவது எளிது. தாய் குழந்தையிடம் பேசிய மொழி பத்தாண்டில் இவ்வாறு ஏறி இறங்குவது இயல்பன்று. மக்கள் தம்மை எவ்வாறு அடையாளப்படுத்த விரும்பினர் என்ற வினாவுக்கு இந்த அட்டவணை அரிய சான்று. வீட்டில் எம்மொழி பேசப்பட்டது என்ற வினாவுக்கு அது நலிந்த சான்று. கணக்கெடுப்புத் துறையைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. கூறியதைப் பதிவு செய்வோம் என்றது, பதிவு செய்தது.

தமிழுக்குரிய வரிசையிலும் ஓர் இடைவெளி உண்டு. 1971இல் 3.77 கோடி, 1991இல் 5.30 கோடி என எண்கள் உள்ளன. 1981க்கு முழு எண் இல்லை. தமிழ்நாட்டின் கணக்கெடுப்புப் பதிவேடுகள் வெள்ளத்தில் அழிந்தமையால் தரவு கிடைக்கவில்லை என்று அட்டவணையின் அடிக்குறிப்பு கூறுகிறது. எனவே 1981க்கும் ஓர் எண் நிரப்பப்பட்ட அட்டவணையை மாணவர் எங்கேனும் கண்டால், அது எண்ணப்பட்டதன்று, மதிப்பிடப்பட்டது என்று உணர வேண்டும். யார், எம்முறையால் மதிப்பிட்டனர் என்பதை அந்த அட்டவணை கூறாதாயின் அதனைப் பயன்படுத்தலாகாது. ஒரு மூலத்தின் நேர்மையை அறிய அதன் வெற்றிடங்களைப் பார்ப்பதே நல்ல வழி என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். இல்லாததை இல்லை என்று சொல்லும் அட்டவணை, எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய அட்டவணையைவிட நம்பத்தக்கது.

கிரியர்சனும் ஒரே சாட்சியின் இரு குரல்களும்

1886இல் வியன்னாவில் கூடிய கீழ்த்திசையியல் மாநாட்டில் முன்மொழியப்பட்டு, 1894இல் தொடங்கி, 1903 முதல் 1928 வரை வெளிவந்த இந்திய மொழியியல் அளவாய்வு 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் குறிப்பிடுகிறது. இதன் பரப்பைக் கண்டு மலைக்காதார் இலர். ஆயினும் சென்னை மாகாணமும் பர்மாவும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் இவ்வளவாய்வின் எல்லைக்குள் வரவில்லை. திராவிட மொழிகள் மிகுதியாகப் பேசப்படும் நிலப்பகுதி ஏறத்தாழ முழுவதும் விடுபட்டது என்பது இதன் பொருள். முண்டா, திராவிட மொழிகளுக்குரிய நான்காம் தொகுதி 1906இல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் ஸ்டென் கோனோ. நம் மாணவர்கள் தமிழ்க் கிளைமொழிகள் பற்றிய கருத்தை 'கிரியர்சன் கூறுவார்' என்று எழுதும்போது, அவர் எழுதாத தொகுதியிலிருந்து, அவர் அளவாய்வு செல்லாத நிலத்தைப் பற்றிய கருத்தை, அவர் பெயரால் கூறுகின்றனர்.

தரவு திரட்டிய முறையும் கருதத்தக்கது. மாவட்ட அலுவலர்கள் வழியாக மூன்று வகை மாதிரிகள் பெறப்பட்டன. ஒன்று, விவிலியத்தின் கெட்ட குமாரன் உவமைக் கதையின் மொழிபெயர்ப்பு. மற்றொன்று அவ்வட்டாரத்துக்குரிய கதையோ பாடலோ. மூன்றாவது சொற்களும் தொடர்களும் அடங்கிய பட்டியல். மூவிடப் பெயர்களும் வேற்றுமை வடிவங்களும் முக்கால வினைகளும் வருவதனால் அவ்வுவமை தெரிவு செய்யப்பட்டது. ஒப்பீட்டுக்கு அது வசதியான பனுவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மொழிபெயர்ப்பு. வேற்றுமொழிப் பனுவலின் வாக்கிய ஒழுங்கு, கூற்றுகளை அமைக்கும் முறை, இணைப்புச் சொற்கள் ஆகியவை பெறுமொழியில் ஊடுருவுவதை மொழிபெயர்ப்பாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெயர் உருபுகளையும் வினை ஈறுகளையும் ஆராய்வோர்க்கு அம்மாதிரி பயன்படும். இயல்பான பேச்சின் தொடரமைப்பை ஆராய்வோர் இரண்டாவது வகை மாதிரியையே நாட வேண்டும். அது கிடைக்காத மொழிகளில் வாய் திறவாதிருத்தலே முறை.

இங்கே மற்றொரு சிக்கலை விரிவாகக் கூறவேண்டியுள்ளது. கைக்காடி என்னும் பேச்சு பெரும்பாலும் மகாராஷ்டிரத்தில் வழங்குவது. அதனைத் தமிழின் கிளைமொழி என்று நிறுவ விரும்பும் மாணவர் இரு சான்றுகளைக் காட்டுவார்: 1906ஆம் ஆண்டுத் தொகுதி அதனைத் தமிழின்கீழ் வைக்கிறது, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் தமிழின்கீழ் வைக்கிறது. நூறாண்டு இடைவெளியில் இரு பெரும் நிறுவனங்கள் ஒரே முடிவுக்கு வந்துள்ளன. எனவே முடிவு உறுதியானது என்பது வாதம். கேட்பதற்கு வலிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தாய்மொழிகளை வகைப்படுத்தியபோது கிரியர்சனின் வகைப்பாட்டையே அடிப்படையாகக் கொண்டது. பின்வந்த கணக்கெடுப்புகளின் தொகுப்புமுறை அவ்வழியில் வளர்ந்தது. ஆகவே இரண்டாவது சாட்சி புதிதாக எதையும் கண்டு கூறவில்லை. முதற்சாட்சி சொன்னதைத் திரும்பச் சொல்கிறது. முறைமன்றத்தில் இவ்வாறு நிகழ்ந்தால் சாட்சி ஒன்று என்றே கொள்வர். ஆய்வேட்டில் இரண்டு என எண்ணுகிறோம்.

நீலகிரிப் படகர் மொழியின் நிலையும் இதனை ஒத்தது. 1906ஆம் ஆண்டுத் தொகுதியில் அது கன்னடத்தின் கிளை, கணக்கெடுப்பில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூறிய இத்தாய்மொழி இன்றும் கன்னடத்தின்கீழேயே எண்ணப்படுகிறது. எமனோ 1939இல் அதன் உயிரொலிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, நாவளைத் தன்மை பெற்ற உயிர்களை விவரித்தது; தலைப்பிலேயே அதனை மொழி என்று குறித்தது. ஹாக்கிங்சும் பிலோ-ரைச்சூரும் தொகுத்த படக–ஆங்கில அகராதி 1992இல் வெளிவந்தது. களத்திலிருந்து எழுந்த இச்சான்றுகள் அட்டவணையைச் சாராதவை. எண்ணிக்கையில் குறைந்தவை எனினும் எடையில் மிக்கவை. படகர் மொழி தனிமொழியா அன்றா என்னும் முடிவை இக்கட்டுரை எடுக்கவில்லை; அம்முடிவுக்கு அட்டவணையைச் சாட்சிக்கு அழைக்க இயலாது என்பதையே கூறுகிறது. தம் மொழிக்குத் தனிநிலை வேண்டும் என்று கேட்கும் ஒரு சமுதாயத்தின்முன், 'அரசுக் கணக்கே இவ்வாறு கூறுகிறது' என்னும் மாணவரின் அடிக்குறிப்பு வெறும் அடிக்குறிப்பாக நிற்பதில்லை.

வேறு சில

மேற்கோள் சங்கிலி இந்திய ஆய்வுக்கு மட்டும் உரிய நோய் அன்று. எஸ்கிமோ மொழியில் பனிக்கு எண்ணற்ற சொற்கள் உள்ளன என்னும் செய்தியின் வரலாறு நன்கு அறியப்பட்டது. போவாஸ் 1911இல் நான்கு வேர்ச்சொற்களைக் காட்டினார். வோர்ஃப் 1940இல் சான்று சுட்டாமல் அதனைப் பெருக்கினார். அதன்பின் பாடநூல்தோறும் எண் வளர்ந்தது. லாரா மார்ட்டின் 1986இல் அச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டினார். அதன்பின்னரும் அச்செய்தி நம் வகுப்பறைகளில் வாழ்கிறது.

திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் முதற்பதிப்பு 1961இலும் திருத்திய இரண்டாம் பதிப்பு 1984இலும் வந்தன, பதிவெண்கள் மாறின. பழைய கட்டுரையிலிருந்து எண்ணை எடுத்து, நூற்பட்டியலில் புதிய பதிப்பைக் காட்டுவோர் தாம் அகராதியைத் திறக்கவில்லை என்பதைத் தாமே எழுதிக் கொடுக்கின்றனர். ஒரு புறத்தேர்வாளர்க்கு இதனினும் எளிய சோதனை கிடைப்பதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் பின்னிணைப்பும் வந்தது. ஒரு சொல் இலக்கியத்தில் எங்கு ஆளப்பட்டது என்பதற்கு அது வழிகாட்டும். ஆனால் அது காட்டும் மேற்கோளே அச்சொல்லின் முதல் ஆட்சி என்பதற்கு எவ்வுறுதியும் தருவதில்லை. மொழிபெயர்ப்பாளர் கையாளும் அரசுக் கலைச்சொல் தொகுதிகளும் அவ்வாறே. அவை பரிந்துரைக்கும் சொல்லை 'தமிழில் வழங்கும் சொல்' என்று எழுதுவது பரிந்துரையை வழக்காக மாற்றிவிடுகிறது. வழக்கிற்குச் சான்று, அச்சொல்லை ஆண்ட பனுவல்களே.

நெறியாளர் பொறுப்பு

மாணவரிடம் நம்பத்தக்க மூலங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகிறோம். பட்டியலைவிட, ஆய்வேட்டின் மையமான எண்கள் அல்லது கூற்றுகள் ஒரு நான்கையோ ஐந்தையோ தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றையும் பிறந்த இடம்வரை பின்தொடர்ந்து சென்று, ஒரு பக்க அளவில் எழுதி வருமாறு பணிப்பது பயனுடையது. யார் கேட்டார், யாரிடம், எவ்வினாவை, விடையை வகைப்படுத்தியவர் யார், அவர் எதனைச் சார்ந்து வகைப்படுத்தினார் என்பவை அப்பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லா மேற்கோளுக்கும் இவ்வாறு செய்வது ஆகாத காரியம். ஓராண்டில் மூன்று மாணவர் இம்முறையைப் பின்பற்றினர். ஒருவர்க்குத் தம் ஆய்வுக் கருதுகோளையே மாற்ற நேர்ந்தது, அவர் மகிழவில்லை. காலம் வீணாயிற்று என்று குறைப்பட்டுக்கொண்டார். அக்குறையை முற்றும் மறுக்க இயலாது. உதவித்தொகையின் காலவரையறை அவரை நெருக்கியது, நெறியாளரை அன்று.

கள ஆய்வில் திரட்டும் தரவுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். தகவலாளி ஒருவரே, அவரும் ஆய்வாளரின் உறவினர், பல நேரங்களில் ஆய்வாளர் தாமே எனும் நிலை தமிழ் வாக்கியவியல் ஆய்வுகளில் அரிதன்று. அச்சிட்ட மூலத்தைத் துருவும் மாணவர் தம் குறிப்பேட்டை அவ்வாறு துருவுவதில்லை. கைக்காடி பற்றி ஆராய முன்வரும் மாணவர் மகாராஷ்டிரத்துக்குச் சென்று, அம்மக்களிடையே தங்கி, பல தகவலாளிகளிடம் உரையாடலைப் பதிவு செய்து திரும்பினால், அம்மொழிக்கு அட்டவணையைச் சாராத சாட்சி ஒன்று கிடைக்கக்கூடும். அச்சாட்சி தமிழின் கிளை என்று கூறலாம். அன்று என்றும் கூறலாம்.